லினியின் தங்கைகளுக்கு

புதிதாக டூட்டியில் சேரும் பிள்ளைகளே,

பதிவுச் சான்றிதழை வாங்கிய கையோடு முதல் வார்டுக்குள் நுழையப் போகிறீர்கள். நான் வார்டிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவள். உங்களுக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் நிபாவில் இறந்த கேரளத்து நர்ஸ் லினியை மனதில் வைத்தே சொல்கிறேன். அவர் பேச்சு வந்தால் பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு அது போதாது. அவர் நம் வேலையைச் செய்தவர். அவர் செய்ததை வேலை தெரிந்தவர்களாக நாம் பார்க்க வேண்டும்.

1. முதலில் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் முழுப் பெயர் லினி புதுச்சேரி. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். கணவருக்கு பஹ்ரைனில் வேலை. வீட்டில் 5 வயதிலும் 2 வயதிலும் இரண்டு ஆண் பிள்ளைகள். 2018 மே மாதத் தொடக்கத்தில் காய்ச்சலோடு ஓர் இளைஞரை அந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவரைக் கவனித்தவர்களில் லினியும் ஒருவர். அங்கிருந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட அந்த இளைஞர் மே 5 அன்று இறந்துபோனார். என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதே குடும்பத்தில் அடுத்தவர் படுத்த பிறகுதான் டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. மாதிரிகள் மணிப்பால், புனே ஆய்வகங்களுக்குப் போய், நிபா வைரஸ் என்று உறுதியாவதற்குள் மே மூன்றாவது வாரம் ஆகிவிட்டது. மே 21 அன்று லினி இறந்தார். அந்த முறை நோய் உறுதியான 18 பேரில் 16 பேர் பிழைக்கவில்லை. பிழைத்த இருவரில் ஒருவர் நர்ஸிங் மாணவி.

லினி பார்த்தது ஒரு சாதாரணக் காய்ச்சல் கேஸ். நாளைக்கு உங்கள் வார்டிலும் அப்படி ஒருவர் படுத்திருப்பார்.

2. பெயர் தெரியாத காய்ச்சலுக்கும் காப்பு வேண்டும்.

ரிசல்ட் வரட்டும், பிறகு மாஸ்க் போட்டுக்கொள்ளலாம் என்று எந்த நாளும் காத்திருக்காதீர்கள். ரிசல்ட் பின்னால்தான் வரும், நோயாளி முன்னாலேயே இருமிவிடுவார். 2001-இல் சிலிகுரியில் நிபா வந்தபோது அது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது. கோழிக்கோட்டிலும் அந்த முதல் நோயாளி ஸ்கேனுக்காகக் காத்திருந்த தாழ்வாரத்தில் இருந்தவர்கள் சிலருக்குத் தொற்றியது. அவர்கள் அவரைத் தொட்டுப் பணிவிடை செய்தவர்கள்கூட இல்லை. ஆகவே இருமலோடு வருகிறவருக்கு வாசலிலேயே ஒரு மாஸ்க் கொடுங்கள். மற்ற கட்டில்களிலிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள். கூட வந்த உறவினரில் ஒருவர் இருந்தால் போதும். அவர்கள் கோபப்படுவார்கள். பொறுமையாகக் காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

சக்‌ஷன் போடும்போதும் நெபுலைசர் வைக்கும்போதும் துணி மாஸ்க்கை நம்பாதீர்கள், என்-95 போடுங்கள். அதைப் போடுவதும் ஒரு கைவேலை. மேல் நாடா உச்சந்தலைக்குப் பின்னால் ஏற வேண்டும், கீழ் நாடா காதுக்குக் கீழே கழுத்தில் நிற்க வேண்டும். இரண்டு நாடாவையும் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போங்கள். பிறகு மாஸ்க்கின் மேல் இரண்டு கையையும் குவித்து வைத்து மூச்சை விடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் அது சரியாக உட்காரவில்லை, திரும்பப் போடுங்கள்.

போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். டூட்டி முடிந்த அலுப்பில் அவசரப்படுவோம். கிளவுஸ் முதலில், மாஸ்க் கடைசியில், அதுவும் அறைக்கு வெளியே வந்த பிறகு. மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்துக் கழற்றுங்கள்.

3. கையைக் கழுவுங்கள்.

சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. ஒருவரைத் தொட்ட கையோடு அடுத்தவரிடம் போகாதீர்கள். கிளவுஸ் போட்டிருந்தாலும் இதுதான் விதி.

4. காப்போடு தொடுங்கள். தொடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

2018 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் லினியை நினைவுகூர்ந்தபோது, அவரோடு சேர்த்துச் சொன்ன பெயர்களில் சலோமி கார்வா என்பதும் ஒன்று. லைபீரியா நாட்டுக்காரர். எபோலாவில் அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்தார். தானும் அந்த நோய் வந்து பிழைத்தார். பிழைத்த கையோடு எபோலா நோயாளிகளுக்கே பணிவிடை செய்யப் போனார். 2014-இல் டைம் பத்திரிகை அட்டையில் அவர் படத்தைப் போட்டது. 2017 பிப்ரவரியில் அவருக்கு நான்காவது குழந்தை சிசேரியனில் பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு வலிப்பு வந்து மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்கள். எபோலா வந்து பிழைத்தவர் என்பதால் அங்கே இருந்தவர்கள் தொடப் பயந்து ஒதுங்கினார்கள் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். அவர் இறந்துவிட்டார்.

யாரும் தொட அஞ்சியவர்களைத் தொட்டுத் தூக்கிய பெண்ணுக்குக் கடைசியில் தொட ஆளில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பயம் வருவது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயம் வந்தால் கிளவுஸை எடுங்கள், மாஸ்க்கை எடுங்கள், கட்டிலருகே போங்கள். காசநோயாளியோ எச்.ஐ.வி. உள்ளவரோ, தூரத்தில் நின்று மாத்திரையை நீட்டும் நர்ஸை அவர்கள் கடைசிவரை மறப்பதில்லை.

5. உங்களுக்கு முடியாமல் போனால் மறைக்காதீர்கள்.

லீவு கிடைக்காது, ஆள் குறையும் என்று டோலோ மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டிக்கு வருவது நம்மவர்களின் வழக்கம். அது தியாகம் ஆகாது, வார்டுக்கே ஆபத்து. லினி தனக்கு வந்திருப்பது இன்னதென்று சந்தேகம் தட்டியதும், தன்னைத் தனியாக வைக்கச் சொன்னார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டாரையும் பக்கத்தில் வரவிடவில்லை. 2 வயதுப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றாது? அவருக்கும் தோன்றியிருக்கும். நோய் எப்படிப் பரவும் என்று தெரிந்த நர்ஸ் என்பதால்தான் அந்தத் தாயால் பிள்ளைகளைக் காப்பாற்ற முடிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தபடி அவர் கணவருக்கு எழுதிய சிறு குறிப்பைக் கேரளம் முழுக்கப் படித்தது. இனி பார்க்க முடியும் என்று தோன்றவில்லை, பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களோடு வளைகுடாவுக்குக் கூட்டிப்போங்கள், தனியாக இருந்துவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். டூட்டி முடியும்போது நாம் அடுத்தவருக்கு ‘ஓவர்’ கொடுப்போமே, யாரை எப்படிப் பார்க்க வேண்டும், என்ன பாக்கி இருக்கிறது என்று, அதைப் போலத்தான் அது எனக்குப் படுகிறது. மூச்சுத் திணறும் நேரத்திலும் அவருக்கு எது முக்கியம் என்பதில் தடுமாற்றம் இல்லை. தொற்று பரவும் என்பதால் அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கோழிக்கோட்டிலேயே உடனே தகனம் செய்தார்கள்.

6. நீங்களும் தாயாவீர்கள்.

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். நல்ல நர்ஸா, நல்ல அம்மாவா என்று உங்களை நீங்களே கூண்டில் ஏற்றாதீர்கள். வீட்டில் யாராவது ஏற்றினாலும் இறங்கி வந்துவிடுங்கள். உரிமை என்ன என்று தெரிந்து வைத்திருங்கள். தமிழக அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியார் மருத்துவமனையில் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். வாய்விட்டுக் கேட்காத இடத்தில் இது எதுவும் தானாக நடப்பதில்லை.

யூனிஃபார்மோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும், ஒரு நிமிஷம் அழட்டும். குளித்துவிட்டு வந்து ஆசைதீரத் தூக்கிக்கொள்ளுங்கள். யூனிஃபார்மைத் தனியாக ஊற வையுங்கள்.

7. ஊசி குத்தினால் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, கேஷுவாலிட்டியில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள்.

8. பாராட்டை வாங்கிக்கொள்ளுங்கள், மாஸ்க்கையும் கேளுங்கள்.

லினி இறந்த பிறகு கேரள அரசு அவர் கணவருக்கு அரசு வேலை கொடுத்தது, பிள்ளைகளுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. மத்திய அரசு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது அறிவித்தது. எல்லாம் செய்ய வேண்டியவை, செய்தார்கள். இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 2023-இல் கோழிக்கோட்டில் நிபா மறுபடி தலைகாட்டியபோது நோய் உறுதியானவர்கள் 6 பேர், இறந்தவர்கள் 2 பேர். 2018-இல் பட்டதை அந்த ஊர் மருத்துவமனைகள் மறக்கவில்லை.

நாமும் மறக்கக் கூடாது. மே 12 நர்ஸ்கள் தினத்தில் கேக் வெட்டுவோம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அன்றைக்கே உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் ஸ்டாக் ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். கேஷுவாலிட்டியில் என்-95 எத்தனை இருக்கிறது, நைட் டூட்டியில் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். இருப்பு குறைவு என்றால் எழுத்தில் இண்டென்ட் போடுங்கள். தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.