லயக் காம்பிராவும் காணி உறுதியும்

1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும், கடல் கடந்து தமிழ்நாட்டுக்கும் போன குடும்பங்கள் பல. மண்சரிவால் தோட்டத்தை விட்டுப் போனவர்களும் உண்டு. திரும்பி வரும்போது அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பிரச்சினைதான். முன்பு இருந்த காம்பிராவில் வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. அம்மா மரக்கறி போட்ட துண்டுக் காணியில் வேறு யாரோ கிழங்கு போட்டிருக்கிறார்கள். "இது எங்கள் வீடு" என்கிறீர்கள். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

வாய்த்தகராறு தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் காணி விற்கப்படவில்லை, குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. லயக் காம்பிரா தொழிலாளிக்குக் குடியிருக்கக் கொடுத்த இடம். ஆகவே நீங்களும் அந்தக் குடும்பமும் சண்டை போடுவது இருவருக்கும் உறுதி இல்லாத ஒன்றுக்காக. இதைச் சொல்ல எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான்கு தலைமுறை வாழ்ந்த இடம் அது. ஆனாலும் அவர்களை வெளியேற்றினால் காணி உங்களுடையதாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கு வழக்கறிஞர் தேவையில்லை.

காம்பிராவை "விற்கிறேன்" என்று வெள்ளைக் கடதாசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுதப்பட வேண்டும். தலைவரும் கங்காணியும் சாட்சிக் கையெழுத்து வைத்த கடிதம் உறுதி ஆகாது. அதோடு, தனக்குச் சொந்தமில்லாததை ஒருவரால் விற்கவும் முடியாது.

7 பேர்ச் வீடு கிடைத்தவர்களின் நிலை வேறு. அவர்கள் முதலில் தங்கள் கையிலுள்ள தாளைப் பார்க்க வேண்டும். விழாவில் கொடுக்கும் தாள் எல்லாம் உறுதி அல்ல. நில அளவை வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும் அதில் இருக்கின்றனவா, காணியைக் கொடுக்க அதிகாரமுள்ள நிறுவனம் கையொப்பமிட்டிருக்கிறதா, காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணவன் பெயர் மட்டும் இருந்தால், மனைவியின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள். கணவன் இறந்தபின் மைத்துனர்களோடு வழக்காடுவதை விட இது இலேசு.

பதிவு ஏன் என்று பலர் கேட்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஹட்டன் நகருக்கு அருகில் ஒருவரிடம் நீங்கள் 10 பேர்ச் காணி வாங்குகிறீர்கள். உறுதி எழுதியாகிவிட்டது, ஆனால் பதியாமல் பெட்டியில் வைத்துவிட்டீர்கள். அதே ஆள் அதே காணியை இன்னொருவருக்கும் விற்கிறார். அவர் உரிய விலை கொடுத்து, மோசடியில் பங்கில்லாமல் வாங்கி, உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி அவருடைய உறுதியே மேலோங்கும். முதலில் வாங்கியவர் நீங்கள் என்பது உதவாது. வாங்குவதற்கு முன்பும் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். முந்தைய விற்பனையும் ஈடும் அங்கே தெரியும்.

உறுதிக் காணியை விட்டுப் போனவர்கள் தாமதிக்கக் கூடாது. தனியார் காணியில், உரிமையாளரை ஏற்காமல் 10 ஆண்டுகள் இடைவிடாது இருந்தவர் உரிமை கோரலாம். நீங்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன ஆளுக்கோ வாடகைக்காரருக்கோ வெறும் கால ஓட்டத்தால் அந்த உரிமை வராது. ஆகவே அவர் எப்படி அங்கே வந்தார் என்பதைக் காட்டும் கடிதமும் வாடகைச் சீட்டும் முக்கியம்.

வன்னியில் அனுமதிப்பத்திரக் காணி உள்ளவர்கள் மலைநாடு திரும்புமுன் அங்குள்ள பிரதேச செயலகத்தில் பின்னுரிமையாளரைப் பதிந்துவிட்டு வாருங்கள். காணியைத் தரிசாக விட்டால் அனுமதி இரத்தாகக் கூடும்.

குடியிருக்கும் இடத்திலிருந்து உங்களை யாராவது பலவந்தமாக வெளியேற்றினால் உடனே பொலிஸில் முறையிடுங்கள். நீதிமன்றில் தகவல் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய 2 மாதங்களுக்குள் அது நடந்திருந்தால், ஆரம்ப நீதிமன்றம் உங்களை மீண்டும் குடியமர்த்தலாம். அங்கே பார்ப்பது யார் இருந்தார் என்பதை மட்டுமே. யாருக்குச் சொந்தம் என்பதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் செல்லலாம். போகும்போது பழைய செக்ரோல் விபரம், சம்பளத் துண்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பிரதிகளை மட்டும் கொடுத்து, மூலங்களை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.