காயில் கட்டுவோரின் எதிர்காலம்

கேள்வி: மோட்டார் ரீவைண்டிங் வேலையை இயந்திரங்கள் பறித்துவிடுமா?

பதில்: எரிந்த மோட்டாரின் ஸ்டேட்டரில், அதாவது சுழலாமல் நிற்கும் வெளிப்பகுதியில், கருகிய செம்புக் கம்பிச் சுருள்களை அகற்றி, சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜை அளந்து, அதற்கேற்பப் புதிய காயிலைச் செருகுவதே ரீவைண்டிங் எனப்படும். ஒரே அளவுக் காயில்களைச் சுற்றும் தானியங்கி இயந்திரங்கள் ஆலைகளில் உண்டு. ஆயினும் கோவைப் பட்டறைகளுக்கு வரும் கிணற்று மோட்டார்கள் வெவ்வேறு அளவிலும் பழுதிலும் இருப்பதால், அவற்றை இயந்திரத்திடம் ஒப்படைப்பது எளிதன்று. நெருக்கடி விலையிலிருந்தே வருகிறது: மிக்சி மோட்டார் போன்றவற்றில் கூலியும் செம்பின் விலையும் சேர்ந்து புதியதன் விலையை நெருங்கும்போது, பழையது காயலான் கடைக்கே போகிறது. 5, 10 குதிரைத்திறன் மோட்டார்களில் ரீவைண்டிங் இன்னும் கட்டுபடியாகிறது. எனினும் மோட்டாரின் வேகத்தை மின்னணு முறையில் மாற்றும் டிரைவ்கள் பரவிவருவதால், அவற்றையும் சோதிக்கக் கற்றவருக்கே வாய்ப்பு மிகுதி.