கடற்கன்னியின் நிறம் என்ன?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

கதை என்றால் விரும்பாத குழந்தை உண்டோ? பாட்டி சொல்லக் கேட்ட கதைகளை இன்று திரையிலும் கண்டு மகிழ்கிறோம். அமெரிக்காவிலுள்ள வால்ட் டிஸ்னி நிறுவனம் 1937-ஆம் ஆண்டு ஸ்நோ ஒயிட்டின் கதையை முழுநீளக் கார்ட்டூன் படமாக வெளியிட்டது. அது முதல் எத்தனையோ கதைகள் ஓவியர்களின் கைவண்ணத்தால் உயிர் பெற்றன. அண்மைக் காலமாக அந்நிறுவனம் தன் பழைய கார்ட்டூன் படங்களையே நடிகர் நடிகையரைக் கொண்டு மீண்டும் எடுத்து வருகிறது. தூரிகை வரைந்த உருவத்திற்கு இப்போது ஒரு மனித முகம் தேவைப்படுகிறது. அது எந்த இனத்தவரின் முகமாக இருக்கலாம்? இதுவே இன்று பெரியதொரு வாதமாகியுள்ளது. இரு தரப்பு நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

கடற்கன்னி ஏரியல்

டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடற்கன்னிக் கதையை டிஸ்னி நிறுவனத்தார் 1989-இல் கார்ட்டூன் படமாக்கினர். அதில் வரும் ஏரியல் வெள்ளை நிறமும் சிவந்த கூந்தலும் உடையவள். அப்படத்தை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க முனைந்தபோது, ஹாலி பெய்லி என்னும் கறுப்பினப் பாடகியை 2019-இல் தேர்ந்தெடுத்தனர். உடனே எதிர்ப்பு கிளம்பியது. 2023-இல் படம் வெளிவந்த பின்னரும் அது அடங்கவில்லை.

எதிர்த்தவர்கள் மூன்று காரணங்களைக் கூறினர். முதலாவது, இது டென்மார்க்கில் பிறந்த கதை. இரண்டாவது, சிறுவயதில் கண்டு நேசித்த உருவத்தை மாற்றலாகாது. மூன்றாவது, மூலான் வேடத்தில் சீனப் பெண்தான் நடிக்க வேண்டும் என்றால், ஏரியலுக்கு மட்டும் வேறு நீதியா?

இவ்வாறு கேட்பவர்கள் எல்லாரையும் இனவெறியர் என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. குழந்தைப் பருவத்தில் மனத்தில் பதிந்த உருவத்தின்மேல் பற்று வைப்பது இயல்பே. ஆயினும் அவர்களது காரணங்கள் நிற்குமா என்று ஆராய வேண்டும்.

மூலக் கதைக்கு உண்மையாக இருப்பது

ஆண்டர்சன் தம் கடற்கன்னியை ரோஜா இதழ் போன்ற மேனியும் நீலக் கண்களும் உடையவளாக வருணித்தது உண்மையே. ஆனால் அவர் கதையில் அவள் இளவரசனின் அன்பை மட்டும் தேடவில்லை, அழியாத ஆன்மாவையும் தேடுகிறாள். சூனியக்காரி அவள் நாவையே அறுத்துவிடுகிறாள். முடிவில் இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவளோ கடல் நுரையாகிக் காற்றின் மகளிருள் ஒருத்தியாக மாறுகிறாள். 1989-இல் எடுத்த படம் இவற்றையெல்லாம் நீக்கிவிட்டுத் திருமணத்தில் முடிந்தது. செபாஸ்டியன் என்ற நண்டைக் கரீபியன் தீவுகளின் மெட்டில் பாடவும் வைத்தது. கதையின் உயிர்நாடியான ஆன்ம தாகத்தை நீக்கியதைப் பொறுத்துக்கொண்டவர்கள், மேனியின் நிறத்தை மாற்றியதை மட்டும் பொறுக்க முடியாது என்பது பொருந்துமா?

மேலும், ஏரியலின் செல்வம் அவளுடைய குரல். அதை இழப்பதும் மீண்டும் பெறுவதுமே கதை. அவள் மேனி எந்த நிறமாயினும் கதையின் ஒரு நிகழ்ச்சியும் மாறப்போவதில்லை. அவ்வேடத்திற்கு நல்ல பாடகி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தது தகுதியான செயலே.

மூலானும் ஆங்கும்

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். மூலான் பழைய சீனக் கதைப்பாடல் ஒன்றின் நாயகி. முதிய தந்தைக்குப் பதிலாக ஆண்வேடம் பூண்டு போருக்குச் செல்பவள். சீன நாட்டின் படையும், குடும்ப மானமும், பெற்றோர்க்குச் செய்யும் கடமையுமே அக்கதையின் அடித்தளம். எனவே 2020-இல் வந்த படத்தில் சீன நடிகை லியு இஃபெய் அவ்வேடம் ஏற்றது இயல்பாக அமைந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2005 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. அதன் உடை, எழுத்து, போர்க்கலை யாவும் ஆசிய மக்களையும் வடதுருவப் பகுதி மக்களையும் ஒட்டி அமைந்தவை. 2010-இல் அதைத் திரைப்படமாக எடுத்தவர், புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளன். அப்படத்தில் ஆங் உள்ளிட்ட மூன்று முக்கிய நல்லவர் வேடங்களும் ஆசியர் அல்லாதவருக்கே கிடைத்தன. எதிரி நாட்டு இளவரசன் வேடம் இந்திய வம்சாவளியினரான தேவ் பட்டேலுக்குக் கிடைத்தது. தொடரை நேசித்த பலர் இதைக் கண்டித்தனர். 2024-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதை மீண்டும் எடுத்தபோது, ஆங் வேடத்தைப் பிலிப்பைன்ஸ் வம்சாவளிச் சிறுவனுக்கும், கட்டாரா வேடத்தை வட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணுக்கும் அளித்தது.

நீதி ஒன்றே

அப்படியானால் நீதி இரண்டா? இல்லை. இரு பக்கத்தார்க்கும் பொதுவான இரண்டு கேள்விகளைக் கேட்டால் தெளிவு பிறக்கும். கதாபாத்திரத்தின் இனமும் மண்ணும் கதையின் அடித்தளமா, அல்லது மேற்பூச்சா? இது முதற் கேள்வி. இதுவரை வாசலுக்கு வெளியே நின்றவர் யார்? இது இரண்டாம் கேள்வி. மூலானைப் பற்றியும் ஏரியலைப் பற்றியும் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் வேறு வேறு. அதனால் தீர்ப்பும் வேறாகிறது.

இரண்டாம் கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. 1937-இல் முதல் இளவரசியைத் திரைக்குக் கொண்டுவந்த டிஸ்னி நிறுவனம், 2009-இல்தான் ஒரு கறுப்பினப் பெண்ணைக் கார்ட்டூன் இளவரசியாக்கியது. இடையில் சென்றவை 72 ஆண்டுகள்! புதிய ஏரியலின் முன்னோட்டக் காட்சி 2022-இல் வந்தபோது, கறுப்பினச் சிறுமிகள் பலர் தங்களைப் போன்ற ஒருத்தியைக் கண்டு வியந்து துள்ளினர். அந்த மகிழ்ச்சியைப் பெற்றோர் படம்பிடித்து உலகுக்குக் காட்டினர். வெள்ளைச் சிறுமிகளுக்குப் பல இளவரசியர் முன்பே இருந்தனர். ஏரியலின் பழைய கார்ட்டூனும் அழியாமல் இருக்கிறது. ஆகவே ஒருவரிடமிருந்து எதையும் பறிக்காமலே மற்றவருக்குக் கொடுக்க முடிந்தது.

இனத்தோடு இது முடிந்துவிடுவதுமில்லை. 2025-இல் ‘லிலோ அண்ட் ஸ்டிச்’ மறுபடியும் எடுக்கப்பட்டபோது, அக்காள் நானியாக நடித்தவர் ஹவாயில் வளர்ந்தவரே. ஆயினும் கார்ட்டூனில் இருந்த நானியைவிட அவர் நிறம் வெளுத்தது என்று பலர் வருந்தினர். ஒரே மக்களுக்குள்ளும் வெளுத்த நிறத்தையே அழகென்று தேடும் வழக்கம் அங்கும் உண்டு போலும்! மணமகள் தேவை விளம்பரங்களைப் படிக்கும் நமக்கு இது புதுமையன்று.

முடிவாக

பழைய கதையில் புதிய முகத்தை வைப்பதோடு கடமை முடிந்துவிடாது. ஆப்பிரிக்க மக்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் சொந்தக் கதைகள் ஏராளம் உண்டு. அவற்றையும் திரைக்குக் கொண்டுவருவதே முழு நீதி. அதே வேளையில், ஒரு தேர்வு பிடிக்கவில்லை என்றால் அதைப் பண்போடு சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் நடிக்க வந்த இளம்பெண்ணை நிறத்தைச் சொல்லி ஏசுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. வேடத்தைப் பற்றி வாதிடலாம், வேடம் ஏற்றவரின் மனத்தைப் புண்படுத்தலாகாது.

தோழியரே! நாளை நம் பள்ளி நாடகத்திலும் இளவரசி வேடமும் தேவதை வேடமும் வரும். அப்போது நாம் கேட்க வேண்டியது, “யார் சிவப்பாக இருக்கிறாள்?” என்பதன்று. “யார் நன்றாக நடிப்பாள்? இதுவரை வாய்ப்பே கிடைக்காதவள் யார்?” என்பதேயாகும்.