குழம்பு மணக்கும் தீவு

பாலகாட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் தாத்தாவின் ஊர் எது?" வட ஆற்காட்டுப் பக்கம் என்று பலர் சொல்வார்கள். தங்கச் சுரங்க வேலைக்காக அவர்கள் இங்கே வந்தார்கள்.

இப்படிப் பிழைக்கப் போன தமிழர்களில் பலர் கடல் தாண்டியும் போனார்கள். அவர்கள் போன ஒரு தீவை இன்று சுற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

தீவின் பெயர் குவாதலூப். அது கரிபியன் கடல் ஓரத்தில் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தது. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல இருக்கும். ஒரு சிறகு மேடு பள்ளம் அதிகம் இல்லாத நிலம். மறு சிறகு உயர்ந்த மலை. நம் ஊரில் பிற்பகல் மூன்றரை மணி ஆகும்போது அங்கே காலை ஆறு மணி.

காலை: வெள்ளை மணல்

முதலில் செந்தான் என்னும் கடற்கரை ஊர். மணல் வெள்ளையாக இருக்கிறது. கடலில் பவளப்பாறைகள் உண்டு. அவை உடைந்து பொடியாகி மணல் ஆகின்றன.

நிழலுக்கு மரத்தடியில் ஒதுங்கப் போகிறீர்களா? நில்லுங்கள்! வழிகாட்டி கையைப் பிடித்துத் தடுப்பார். அங்கே மான்சினீல் என்று ஒரு விஷ மரம் உண்டு. அதன் பழம் சின்ன ஆப்பிள் போல இருக்கும். தின்றால் ஆபத்து. மழை பெய்யும்போது அடியில் நின்றாலும் தோல் கொப்பளித்துவிடும். பல இடங்களில் அந்த மரத்தில் சிவப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். எச்சரிக்கைப் பலகையும் வைத்திருப்பார்கள். பலகையைப் படிப்பவர் தப்பிப்பார்.

நடுப்பகல்: மாரியம்மன்

இப்போது வண்டி மலைப் பக்கம் போகிறது. கப்பஸ்தேர் என்னும் ஊர் வருகிறது. இரு பக்கமும் வாழைத் தோட்டங்கள். அங்கே சாங்கி என்னும் இடத்தில் ஒரு கோயில். நம் ஊர்க் கோயில் போலவே வண்ணச் சிலைகள். உள்ளே இருப்பது யார்? மாரியம்மன்! அங்கே மாலியேமேன் என்கிறார்கள்.

மாரியம்மன் எப்படி அங்கே போனாள்?

பிரெஞ்சு அரசு 1848இல் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. இந்தியாவில் ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழர்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பல் ஏறியவர்கள்.

ஐந்து ஆண்டு வேலை என்று ஒப்பந்தம். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறர் சொல்லித்தான் தெரியும். வேலை கடுமை. நோய் வேறு. பலர் இறந்து போனார்கள். சிலரே ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் அங்கேயே தங்கினார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் அந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆனாலும் குடியுரிமை இல்லை. ஓட்டு இல்லை. கப்பஸ்தேரில் 1863இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். அவருடைய பெற்றோர் இந்தியர்கள். "எங்கள் பெயரும் வாக்காளர் பட்டியலில் வேண்டும்" என்று 1904இல் போராட்டம் தொடங்கினார். 1923இல் உரிமை கிடைத்தது. பத்தொன்பது ஆண்டுகள் அவர் விடவில்லை.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மஞ்சள், மல்லி, சீரகம் மணக்கிறது. அந்த உணவின் பெயர் கொலம்போ. நம் குழம்பு என்ற சொல்தான் அப்படி ஆயிற்று என்று சொல்கிறார்கள்.

பிற்பகல்: மழைக்காடு

சாப்பிட்டுவிட்டு மலை ஏறுவோம். கடல் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலே போகிறது. குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அதனால் இங்கே ஆண்டு முழுவதும் பச்சைக் காடு. 1989 முதல் இது தேசியப் பூங்கா.

காட்டுக்குள் கார்பே அருவி இருக்கிறது. மூன்று அருவிகளில் நாம் பார்ப்பது இரண்டாவது. உயரம் 110 மீட்டர். பாறை சரியும் இடம். தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

மாலை: கறுப்பு மணல்

கடைசியாக இன்னொரு கடற்கரை. ஊரின் பெயர் துருவா ரிவியேர். இங்கே மணல் கறுப்பு! பக்கத்தில் சூஃப்ரியேர் என்னும் எரிமலை இருக்கிறது. உயரம் 1,467 மீட்டர். 1976இல் அது குமுறியபோது 70,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

எரிமலைப் பாறை கறுப்பு. அதைக் கடலும் ஆறும் அரைத்து மணல் ஆக்குகின்றன. நம் ஊர் சயனைடு மேட்டை நினைத்துப் பாருங்கள். அதுவும் பாறையை அரைத்து வந்த மண்தான். இங்கே ஆலை அரைத்தது. அங்கே கடல் அரைக்கிறது.

பொழுது சாய்கிறது. அந்தத் தீவில் நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது நின்றுவிட்டது. ஆனால் ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்கள் நிற்கின்றன. சுற்றுலா போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், அருவியைப் பார்ப்பார்கள். அந்த மண்ணில் உழைத்தவர்கள் யார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேசுவோம், எழுதுவோம்

1. வெள்ளை மணல், கறுப்பு மணல்: இரண்டும் எப்படி உண்டாகின்றன?
2. படிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?
3. உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? நீங்களே படித்துப் பாருங்கள்.
4. உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து தங்கவயலுக்கு வந்தது? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.