பந்தயப் புறாக் குஞ்சுகளைப் பழக்குதல்

சென்னைப் பந்தயங்களில் ஹோமர் புறாக்கள் பெரும்பாலும் வடதிசை ஊர்களிலிருந்தே விடப்படுகின்றன. ஆகையால் திருப்பருத்திக்குன்றத்தில் அவற்றை வளர்ப்போர் குஞ்சுகளையும் வடக்கு மார்க்கத்திலேயே பழக்குதல் நலம்.

தாயைப் பிரித்த சுமார் 4 வாரக் குஞ்சு, முதலிற் சில நாள் கூண்டின்மேல் அமைத்த கம்பிச் சட்டத்துள் இருந்து சுற்றுப்புறத்தைக் கண்டறிய வேண்டும். திறந்துவிடுவது மாலையில், இரை வைக்குமுன். வயிறு நிரம்பிய குஞ்சு அழைத்தால் இறங்காது. குஞ்சு தவறினால் வல்லூற்றின்மேல் பழி போடுவோர் பலர். அகாலத்தில் வைத்த இரையே பல சமயம் காரணமாகும். தகர டப்பாவிலே தானியத்தைக் குலுக்கி, அவ்வொலி கேட்டு வந்த பின்னரே கம்பு, சோளம், பட்டாணி கலந்து இடுக. இதற்காகப் பட்டினி போடலாகாது. நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் இரையேனும் வேண்டும்.

கூட்டமாக அரைமணி நேரம் வட்டமிடும் பழக்கம் வந்த பிறகே கூடையிற் கொண்டுசெல்லலாம். முதலில் வேகவதியின் அக்கரை. அடுத்து காஞ்சிபுரத்தின் வட எல்லை. பின்னர்ப் படிப்படியாக, சுமார் 17 மைலிலுள்ள அரக்கோணம், 25 மைலிலுள்ள திருத்தணி. ஓரிடத்திலிருந்து குஞ்சுகள் தாமதமின்றித் திரும்பாதவரை தூரத்தைக் கூட்டற்க. புறா திசையறியச் சூரியனையும் துணைக்கொள்வதால், மார்கழி மூடுபனி முற்றும் விலகிய பின்னரே கூடையைத் திறக்க வேண்டும்.