தற்குறியும் விரல்ரேகைச் சரிபார்ப்பும்

முன்னுரை

தன் + குறி என்னும் இரு சொற்கள் புணர்ந்து 'தற்குறி' என்றாயிற்று. எழுத்தறியாதவர் கையொப்பத்திற்கு ஈடாகத் தாமே இடும் குறியைச் சுட்டும் இச்சொல், அக்குறியை இட்டவரையும் சுட்டும். இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். நாளடைவில் இச்சொல்லும் 'கைநாட்டு' என்னும் சொல்லும் கல்லாதவரை எள்ளும் சொற்களாயின. இன்றோ கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே விரலைப் பொறியின்மேல் வைத்துத் தம்மை இன்னார் என மெய்ப்பிக்கும் காலம் வந்துள்ளது. இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றையும், பொறி செயற்படும் முறையையும், அதன் எல்லையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரேகையின் இயல்பு

விரல் நுனியில் வயல் வரப்புகளைப் போல ஓடும் நுண்ணிய மேடுகளே ரேகைகள். குழந்தை பிறப்பதற்கு முன்பே, தாயின் கருவில் இவை உருவாகி நிலைபெற்றுவிடுகின்றன. மரபுக்கூறுகளோடு கருப்பைச் சூழலும் இவற்றின் அமைப்பிற்குக் காரணமாதலின், ஒரே கருவினின்று பிறந்த இரட்டையர்க்கும் ரேகைகள் வேறுபடுகின்றன. மேல்தோல் சிராய்த்துப் போனாலும் பழைய வடிவமே மீண்டும் வளரும். ஆழமான காயம் பட்டால் மட்டுமே தழும்பு நிலைத்துவிடும்.

ரேகைகளை வில், வளையம், சுழி என முப்பெரும் வகையாகப் பகுப்பர். எனினும் இவ்வகை ஒன்றைக் கொண்டே ஆளை அறிதல் இயலாது. ஒரே வகை ரேகை கோடிக்கணக்கானோர்க்கு உண்டு. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்னும் நுண்புள்ளிகளே ஒருவரை மற்றவரினின்றும் பிரித்துக் காட்டுகின்றன.

வங்காளத்தில் வளர்ந்த கலை

1858ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சாலைப் பணிக்குரிய பொருள் வழங்க உடன்பட்ட ராஜ்யதர் கோனாய் என்பாரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் பெற்றார். பிற்காலத்தில் அக்கையொப்பம் தமதன்று என அவர் மறுத்துவிடலாகாது என்பதே ஹெர்ஷலின் கருத்து. 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவு செய்வோரிடமும் விரற்பதிவு பெறும் முறையை அவர் கொண்டுவந்தார். குற்றவாளியைத் தேடிப் பிடிப்பதற்கு முன்பே, உரியவர்க்கு உரியது சேர்கிறதா என அறிதற்கு விரல்ரேகை பயன்பட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1880இல் ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் மருத்துவர் 'நேச்சர்' இதழிலும், 1892இல் பிரான்சிஸ் கால்டன் தம் நூலிலும் விரல்ரேகை பற்றி எழுதினர். ஆயினும் ஆயிரக்கணக்கில் குவியும் தாள்களுள் ஒன்றை எவ்வாறு தேடி எடுப்பது? இவ்வினாவிற்கு விடை கண்டோர் வங்காளக் காவல் துறையில் பணியாற்றிய காஜி அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்ற ஹக், பத்து விரல்களுள் சுழி அமைந்த விரல்களுக்கு எண்மதிப்பு அளித்து, எல்லாத் தாள்களையும் 1024 அறைகளுள் அடங்குமாறு பகுக்கும் கணக்குமுறையை வகுத்தார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் நிறுவப்பெற்றது. 1901இல் இம்முறை இலண்டன் ஸ்காட்லாந்து யார்டிலும் ஏற்கப்பட்டது. மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியின் பெயராலேயே உலகம் அம்முறையை அழைக்கிறது. உண்மையுழைப்பு ஹக், போஸ் இருவருடையது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பொறி செய்வது யாது?

விரல்ரேகைக்கு இருவகைப் பணி உண்டு. 'இவர் யார்?' என வினவிப் பலருடைய பதிவுகளுள் தேடுவது கண்டறிதல். 'இவர் தாம் கூறும் ஆள்தாமா?' என வினவி ஒருவருடைய முன்பதிவோடு மட்டும் ஒப்பிடுவது சரிபார்த்தல். நியாயவிலைக் கடையில் நிகழ்வது சரிபார்த்தலே.

கண்ணாடித் தகட்டின்மேல் விரலை வைத்தவுடன் பொறி அதனைப் படமெடுக்கிறது. நுண்புள்ளிகளின் இடத்தையும் திசையையும் எண்களாக மாற்றுகிறது. பின்னர் முன்பதிவின் எண்களோடு ஒப்பிட்டு, ஒற்றுமைக்கு ஒரு மதிப்பெண் இடுகிறது. குறித்த எல்லையை மதிப்பெண் எட்டினால் ஏற்கும், எட்டாவிடின் மறுக்கும். ஆகவே 'இவர் அவரே' என்றோ 'இவர் அவரல்லர்' என்றோ பொறி உறுதி கூறுவதில்லை. எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையே கூறுகிறது.

அவ்வெல்லையை உயர்த்தினால் வேற்றாள் நுழைவது குறையும். உரியவர் மறுக்கப்படுவது மிகும். தாழ்த்தினால் உரியவர்க்கு எளிதாகும். வேற்றாளுக்கும் வழி திறக்கும். இவ்விரு பிழைகளையும் ஒருசேர முற்றும் ஒழித்த பொறி இல்லை.

தேய்ந்த விரல்கள்

மறுக்கப்படுவோர் பெரும்பாலும் யாவர்? சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் உழைக்கும் கொத்தனார், பாத்திரம் துலக்கும் தாய்மார், உப்பளத்தில் பாடுபடுவோர், தோல் சுருங்கி வறண்ட முதியோர் ஆகியோரே. உழைப்பினால் மேடுகள் தேய்ந்தால் பொறி படிப்பதற்குக் கோடுகள் தெளிவாகக் கிடைப்பதில்லை. யாருடைய கைக்கு எழுதுகோல் எட்டவில்லையோ, அவருடைய கையே இப்பொழுது பொறிக்கும் எட்டாமற் போகிறது.

2010இல் ஆதார் எண் வழங்கத் தொடங்கிய பின்னர், பத்து விரல்களோடு இரு கருவிழிகளும் பதிவு செய்யப்படுகின்றன. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 2020இல் விரல்ரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த பெரும்பான்மைத் தீர்ப்பு, ஆதார் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. அதனோடு, சரிபார்ப்பு தவறிய காரணத்தால் உரியவர்க்கு அரசின் உதவி மறுக்கப்படலாகாது என்பதையும், வேறு வகையில் அடையாளம் காட்ட அவர்க்கு வாய்ப்புண்டு என்பதையும் தெளிவுபடுத்தியது.

முடிவுரை

முற்காலத்தில் ஒருவர் கைநாட்டு வைக்கும்பொழுது அருகே சாட்சி ஒருவர் நின்றார். 'இவரை நான் அறிவேன்' எனக் கூறி அவரும் ஒப்பமிட்டார். குறியோடு மனிதரின் சொல்லும் இணைந்தே மெய்ம்மை நிலைநாட்டப்பட்டது. பொறி வந்த பின்னர்ச் சாட்சி விலகிவிட்டார். பொறியை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. பிறர் பங்கைப் பறிப்போரைத் தடுக்க அது பயன்படுகிறது. எனினும் பொறி மறுத்தவரைப் பொய்யர் எனக் கருதுதல் அறியாமையாகும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவில் அரிசி பெறாமல் திரும்பும் முதியவர் எவரையேனும் கண்டால் உடன் செல்லுங்கள். வேறொரு விரலை வைத்துப் பார்க்கவும், கருவிழிப் பதிவையோ கைப்பேசிக் கடவுச்சொல்லையோ பயன்படுத்தவும், ஆதார் மையத்தில் விரற்பதிவைப் புதுப்பிக்கவும் உதவுங்கள். விலகிப்போன அச்சாட்சியின் இடத்தில் கல்வி கற்ற நீங்கள் நிற்பதே நீங்கள் பெற்ற கல்விக்கு அழகு.