தோட்டா உள்ளே நுழைந்தால் போதுமா?

மலையோரக் கிராமங்களில் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் உழவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவற்றில் சில பாட்டனார் காலத்திலிருந்து கைமாறி வந்தவை. இன்னும் சில, பட்டாளத்துக்கும் போலீசுக்கும் செய்யப்பட்டுப் பிறகு மாற்றியமைக்கப்பட்டவை. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கும் உழவர், தோட்டா விஷயத்தில் மட்டும் "உள்ளே போகிறது, மூடுகிறது, அது போதும்" என்று இருந்துவிடுவது உண்டு. பழைய பட்டாளத் துப்பாக்கியைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான சோதனை வேறில்லை. தவறான தோட்டாவும் உள்ளே போகும். போல்ட்டும் மூடும். வெடிப்பது முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

ஒரே உருவம், வேறு வேறு தோட்டா

நம் நாட்டில் மிகுதியாகப் புழங்கிய பழைய பட்டாளத் துப்பாக்கி லீ-என்ஃபீல்டு. 'த்ரீ நாட் த்ரீ' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கல்கத்தாவுக்கு அருகே உள்ள இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் இது பெருமளவில் செய்யப்பட்டது. அதே அச்சில் வேறு துப்பாக்கிகளும் வந்தன. தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். தின்னும் தீனி மட்டும் வேறு.

முதலாவது .303. இதன் தோட்டாவை ஆங்கிலேயப் படை 1888-ல் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, போலீசுக்கும் சிறைக் காவலர்க்கும் கொடுக்கப்பட்ட .410 மஸ்கட். .303 துப்பாக்கியின் குழலைக் கடைந்து, உள்ளே வரிகள் இல்லாமல் வழவழப்பாக்கி, மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்து, ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றினார்கள். மூன்றாவது, பொதுமக்களுக்கென்று வந்த .315. ஆங்கிலேயர் ஆட்சியில் பட்டாளத் தோட்டா வெளியார் கைக்குப் போகக் கூடாதென்று .303-ஐத் தடை செய்தபின் இந்த அளவு வழக்கத்துக்கு வந்தது. நான்காவது, 1962 சீனப் போருக்குப் பிறகு வலுவான எஃகில் செய்யப்பட்ட 7.62 மி.மீ. துப்பாக்கி. இதன் மேகசின் சற்றுச் சதுரமாக இருக்கும். இவை போதாதென்று, பயிற்சிக்காக .22 தோட்டா சுடும்படி மாற்றப்பட்டவையும் உண்டு.

இவற்றுள் .303-ம் 7.62-ம் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை செய்யப்பட்ட அளவுகள்.  குழப்பம் மிகுதியாக நேர்வது .410-லும் .315-லும்தான்.

.410-ல் உள்ள கண்ணி

.410 மஸ்கட்டின் தோட்டா, .303 பித்தளைக் கூட்டையே கழுத்தில்லாமல் நேராக்கிச் செய்தது. கடைகளில் .410 என்ற பெயரில் விற்கும் ரவைத் தோட்டா வேறு. அதன் அடிப்பகுதி சற்றுத் தடித்தது. மாற்றப்படாத மஸ்கட்டில் அது முழுவதும் இறங்காது. அப்போது சிலர் கட்டைவிரலால் அழுத்துகிறார்கள், போல்ட்டைத் தட்டி மூடப் பார்க்கிறார்கள். இது கூடவே கூடாது. வேறு சிலர், ஊர்க் கடைசல்காரரிடம் கொடுத்துத் தோட்டா அறையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொள்கிறார்கள். இது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் கேடு. அப்படிப் பெரிதாக்கிய அறையில் பிறகு பழைய பித்தளைத் தோட்டாவைப் போட்டால், அது தளர்ந்து நின்று வெடிக்கும்போது பக்கவாட்டில் கிழியும். கிழிந்த வழியே சூடான வாயு சுடுபவரின் கண்ணை நோக்கி வரும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அடிப்பாகம் ஒன்றே என்பதால் .303 தோட்டா மஸ்கட்டில் தடையில்லாமல் நுழைந்துவிடக் கூடும். ஆனால் குண்டோ சிறியது, குழலோ பெரியது. குண்டு குழலைத் தழுவாமல் ஆடிக்கொண்டு போகும். கூட்டின் கழுத்து சிதறும். எங்கோ பழைய டிரங்குப் பெட்டியில் நாலு த்ரீ நாட் த்ரீ கிடைத்ததே என்று எடுத்துப் போட்டுப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தத் தோட்டாவை வைத்திருப்பதே குற்றம் என்பது தனி.

.315-க்கு வருவோம். ஆஸ்திரிய நாட்டு மன்லிக்கர் பட்டாளத் துப்பாக்கியின் தோட்டாவிலிருந்து வந்தது இது. கூடு 50 மி.மீ. நீளம். .303-ன் கூடு 56 மி.மீ. நீளமும் ஒல்லியுமானது. பெயரில் உள்ள எண்கள் நெருங்கியிருப்பதால் உறவு என்று எண்ணிவிடக் கூடாது.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

முதலில் துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். போல்ட் இருந்த பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பாருங்கள். உள்ளே முறுக்கிய வரிகள் தெரிந்தால் ரைஃபிள். வழவழப்பாக இருந்தால் மஸ்கட். உள்ளே வேறொன்றும் தெரியலாம்: குளவிக்கூடு. மழைக்காலம் முழுவதும் மூலையில் சாத்தி வைத்த குழலுக்குள் குளவி மண்ணை அப்பிவிடுகிறது. கைப்பிடிக் களிமண் ஒரு குழலைப் பிளக்கப் போதும்.

அடுத்தது முத்திரை. மரக்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில், வலப்பக்கம், தொழிற்சாலைப் பெயரும் ஆண்டும் மாதிரியும் அடித்திருக்கும். இதை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். ஏனென்றால் மாற்றப்பட்ட துப்பாக்கியில் அது பழைய .303 ஆக இருந்தபோது அடித்த முத்திரை அழியாமலே இருக்கும். குழலின் மேலும் குழல் பொருந்தும் வளையத்தின் மேலும் உள்ள எண்ணே முக்கியம். டி, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. அதில் எந்தத் தோட்டாவும் போடக் கூடாது.

மூன்றாவதாக, போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறாக இருந்தால் எப்போதோ யாரோ வேறு போல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மயிரிழை கூடினாலும், வெடிக்கும்போது கூடு பின்னால் இழுபட்டு, அடியோடு அறுந்துவிடும். சுட்டபின் விழும் வெற்றுக் கூட்டை எறிந்துவிடாமல் பாருங்கள். அடியிலிருந்து சிறிது மேலே சுற்றிலும் பளபளப்பான ஒரு வளையம் தெரிந்தால், அறுபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துப்பாக்கியை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் காட்டுங்கள். தோட்டா அறையை அச்சு வார்த்து அளந்து, துப்பாக்கி எதற்குரியது என்று சொல்வார்கள். அந்தச் செலவுக்குத் தயங்கக் கூடாது. லைசென்ஸ் புத்தகத்தில் எழுதிய அளவும் துப்பாக்கியின் அளவும் வேறாக இருந்தால், உரிமம் தந்த அலுவலகத்தில் முதலில் அதைத் திருத்திக் கொள்ளுங்கள்.

மாட்டுக் கொட்டிலில் தோட்டா வேண்டாம்

சரியான தோட்டாவும் வைக்கும் இடத்தால் கெடும். இது உழவர் வீட்டுக்கே உரிய ஆபத்து என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறைந்துவிடும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல் கண்டிருந்தது. பருவத்தோடு வந்த வெடிப்பு என்றே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். காரணம் 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவரின் ஆராய்ச்சியில் விளங்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, இழுத்துச் செய்த பித்தளையில் தங்கியிருக்கும் இறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளந்துவிடுகிறது.

நம் வீடுகளில் குதிரை இல்லை. மாட்டுக் கொட்டில் இருக்கிறது, எருக்குழி இருக்கிறது, ஈரம் பட்ட யூரியா மூட்டை இருக்கிறது. மூன்றிலிருந்தும் வருவது அதே அம்மோனியாதான். உர மூட்டைக்குப் பின்னால் பரணில் தோட்டாப் பெட்டியை ஒளித்து வைப்பவர்கள் இடத்தை மாற்றிக் கொள்ளட்டும். உலர்ந்த, வெயில் படாத, பூட்டுள்ள பெட்டியே ஏற்றது. கூட்டின் கழுத்தில் நூலிழை போன்ற கோடு, பச்சைக் களிம்பு, தளர்ந்த குண்டு, ஈரக்கறை படிந்த அட்டைக்கூடு, இவற்றில் எது தெரிந்தாலும் அந்தத் தோட்டா கழிவு.

பழைய பட்டாளத் தோட்டாவின் கேப்பில் இன்னொரு குணம் உண்டு. அதில் இருந்த குளோரேட் உப்பு வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். நாம் வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம் எதுவோ அதேதான். உரம் அள்ளிய இரும்புச் சட்டியைக் கழுவாமல் வைத்தால் மறுவாரம் என்ன ஆகிறது என்று உழவர்க்குத் தெரியும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. வெந்நீர் விட்டுக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும்.

வாய்வழி மருந்திடும் துப்பாக்கி

பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து இடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இடமுண்டு. சிறு உழவர் பலரிடம் இருப்பது இதுவே. இதற்குத் தோட்டா இல்லை, கருமருந்துதான். இங்கே நேரும் பெரிய தவறு, ரவைத் தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள புகையில்லா மருந்தை எடுத்து இடுவது. கருமருந்து எரிவது ஒரு விதம், புகையில்லா மருந்து எரிவது வேறு விதம். பின்னது, அடைபட அடைபட இன்னும் வேகமாக எரியும். அதே அளவு இட்டால் குழல் தாங்காது. கொஞ்சமாகக் கலந்தாலும் இதே கேடுதான்.

பழைய பட்டாள மஸ்கட்டானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று, 0.577 அங்குல என்ஃபீல்டு குழலைச் சுமார் 0.656 அங்குலம் வரை கடைந்து வரியில்லாமல் செய்தார்கள். குறி துல்லியமாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். குழல் சுவர் மெலிந்துபோனது. அந்த வகைக் குழலைச் சுவரில் மாட்டி வைக்கலாம், சுட வேண்டாம்.

விசையை இழுத்து வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை ஆளில்லாத பக்கமாக, தரையை நோக்கிப் பிடித்து ஒரு நிமிடமாவது பொறுங்கள். பழைய தோட்டா தாமதித்து வெடிப்பது உண்டு. 'புஸ்' என்று ஓசை மட்டும் வந்தால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைப் போடுவது, குண்டு போட்டுக்கொள்வதற்குச் சமம். துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றிக் குழலைப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

உரிமையாளர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அந்தத் துப்பாக்கியைத் தம் பெயருக்கு உரிமம் கிடைக்கும் வரை காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதைச் சுடுவதற்குத் துப்பாக்கி லைசென்ஸ் போதாது. கெட்டுப்போன தோட்டாக்களைக் கிணற்றில் போடவோ, குப்பையோடு எரிக்கவோ, பிள்ளைகள் கைக்கு எட்டும்படி எறியவோ கூடாது. எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, லைசென்ஸ் புத்தகத்துடன் துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ கொடுத்துவிட்டு, கணக்கில் கழித்து எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.